நண்டு ஓட்டை எங்கே அனுப்புவது? மண்டபம் கரைக் கம்பெனிகளுக்கு ஓர் ஒப்பீடு

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் சிறிய இறால் கம்பெனியோ நண்டு கம்பெனியோ நடத்துகிறவரிடம் கழிவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "டிராக்டர்காரர் எடுத்துட்டுப் போறாரு, எங்க கொட்டுறாருன்னு நான் கேட்டுக்கிறதில்ல" என்பது ஒன்று. "ஓட்டுல இருந்து கைட்டோசன் எடுக்கலாமாமே, அதுல நல்ல காசாமே" என்பது மற்றது. (ஓட்டிலும் தோலிலும் உள்ள கைட்டின் என்ற நார்போன்ற பொருளை ரசாயனத்தால் மாற்றினால் கிடைப்பதுதான் கைட்டோசன்.) முதலாவது செலவே இல்லாத வழிபோலத் தெரியும். இரண்டாவது கஷ்டமே இல்லாத வருமானம்போலத் தெரியும். அந்தச் செலவும் கஷ்டமும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நாளொன்றுக்கு அரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை சரக்கு கையாளும் ஒரு கம்பெனியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதைவிடப் பெரிய ஆலைகளுக்குக் கணக்கு வேறு.

தலையோடு வரும் இறாலில் தலையும் தோலும் சேர்ந்து எடையில் பாதியை நெருங்கும். நீல நண்டில் இன்னும் மோசம். அவித்து, உடைத்து, சதையைப் பிரித்தெடுத்தால் நூறு கிலோவுக்கு 30 கிலோ சதை வந்தாலே பிரிக்கிற பெண்களின் கை நல்ல கை. மீதியெல்லாம் ஓடு, செவுள், குடல், அவித்த தண்ணீர். மீனில் இந்தச் சிக்கல் குறைவு. தலையைக் குழம்புக்கு வாங்க ஆள் உண்டு. கூறல் மீனின் நெட்டியை, அதாவது வயிற்றிலுள்ள காற்றுப்பையை, குப்பையில் போடுகிறவர் இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. கணவாய் ஓட்டுக்குக்கூடக் கூண்டுப் பறவை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆளில்லாமல் கிடப்பது இறால் தோலும் நண்டு ஓடும்தான். அதனால் இந்த ஒப்பீடு அவற்றைச் சுற்றியே போகும்.

குப்பைக் கிடங்கு ஏன் கூடாது என்பதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே புதைகுழிக்கு எது போகலாம் என்று எல்லை போட்டுவிட்டன: மறுபடி பயன்படாத, மக்காத, எரியாத, எதனோடும் வினைபுரியாத மிச்சம் மட்டும். இறால் தலை இதில் எதிலும் சேராது. காற்றில்லாமல் புதைந்தால் அது மீத்தேனாகும். கசிவுநீராக இறங்கினால் நம் மணல் அதைத் தடுக்காது. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது என்றால், மேலே கொட்டுவதும் அதே வேகத்தில் அந்தத் தண்ணீரை எட்டும் என்றுதான் பொருள். "கடல்ல இருந்து வந்தது, கடலுக்கே போகட்டும்" என்பார்கள். சிதறிக் கிடந்தால் கடல் செரிக்கும். ஒரே ஓரத்தில் தினம் டன் கணக்கில் கொட்டினால் ஆழமில்லாத பாக் விரிகுடாவில் அந்த ஓரத்துத் தண்ணீரின் ஆக்சிஜன்தான் தீரும். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே கொட்டுவது பற்றிப் பேசவே தேவையில்லை.

வழிகளுக்குள் போகும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இவை பிடிபடாமல் எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் டிராக்டரிடம்தான் திரும்பிப் போவோம்.

ஒன்று, நேரம். இறால் தலைக்குள் செரிமானச் சுரப்பி இருக்கிறது. வெட்டிய பிறகும் அதன் நொதிகள் வேலையை நிறுத்தாது. நம் வெயிலில் சில மணி நேரத்துக்குள் தலை கறுத்து, கவிச்சி மாறி நாற்றமாகிவிடும். காலை எட்டு மணிக்கு விற்கக்கூடிய பொருளாக இருப்பது, மாலை நான்கு மணிக்குக் காசு கொடுத்து அகற்ற வேண்டிய பொருளாகிவிடுகிறது. ஆகவே ஒரு வழியை எடைபோடும்போது முதல் கேள்வி "கிலோ என்ன விலை?" அல்ல, "கழிவு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்?" என்பதே.

இரண்டு, வரத்து. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாள் என்பது நெடுநாள் ஏற்பாடு. அதற்கு மேல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. புயல் கூண்டு ஏற்றினால் எல்லாமே நிற்கும். இறால் கம்பெனியில் ஒரு நாள் கழிவு மலையாகக் குவியும், மறுநாள் ஒரு கூடை கூட இராது. நண்டு வலை போடுவது நாட்டுப்படகுகள் என்பதால் நண்டு கம்பெனி தடைக்காலத்திலும் ஓடும். தினம் இவ்வளவு கழிவு வந்தே ஆக வேண்டும் என்று கேட்கிற இயந்திரம் எதுவும் இந்தக் கரையில், அதிலும் இறால் கம்பெனியில், வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும்.

மீன்தூள் ஆலை

இப்போதைக்கு எளிதான வழி இது. மீன்தூள் ஆலையின் வண்டி வரும், எடை போடும், எடுத்துப் போகும். நான்கு ஐந்து கிலோ பச்சைச் சரக்குக்கு ஒரு கிலோ தூள் வரும். மீனின் தலை, முள், குடல், காரல் பொடிமீன் எல்லாம் போகும். இறால் தலையையும் சில ஆலைகள் எடுத்துக்கொள்ளும். நண்டு ஓட்டைத் தொட மாட்டார்கள். சுண்ணாம்பு போன்ற தாதுக்களாலான சாம்பல்சத்து ஏறிப் புரதம் இறங்கிவிடும்.

ஓட்டைக் காயவைத்து அரைத்துக் கோழித் தீவனத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது வரும். சுண்ணாம்புச் சத்துக்கு அது சரி. "புரதம் 40 விழுக்காடு" என்று ஆய்வுக்கூடச் சீட்டைக் காட்டி விற்பதுதான் சரியில்லை. ஆய்வுக்கூடம் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறது. ஓட்டிலுள்ள கைட்டினிலேயே ஏறக்குறைய 7 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. அதனால் சுத்தமான கைட்டினைக் கொடுத்தாலும் சீட்டில் 43 விழுக்காடு புரதம் என்று வரும். கோழி அதைச் சரியாகச் செரிப்பதில்லை. நாமக்கல்காரர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகத் தெரியும், ஏமாற மாட்டார்கள்.

மீன்தூள் வழியின் பலவீனம் வண்டிதான். வண்டி வராத நாளில் சரக்கு கெட்டுப்போகும். ஆலைக்காரர் விலையைக் குறைத்தால் மறுபேச்சுப் பேச நம்மிடம் நேரமில்லை.

சிலேஜ்

இந்தப் பெயர் நம் பக்கம் அதிகம் புழங்கவில்லை. ஆனால் கரிம வேளாண்மை செய்கிற எந்த விவசாயியிடமும் "மீன் அமிலம்" என்று சொன்னால் தெரியும்: மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைத்து, வடித்து, தண்ணீரில் கலந்து தெளிப்பது. கம்பெனி அளவில் ஒரு டன் கழிவுக்கு ஒரு டன் வெல்லம் போட முடியாது. அதற்குப் பதிலாக ஃபார்மிக் அமிலம் போடுவதுதான் சிலேஜ். கழிவை அரைத்து, அதன் எடையில் 3 விழுக்காடு அளவு அமிலம் கலந்தால் காரஅமிலத் தன்மை (pH) 4க்குக் கீழே இறங்கும். அழுக வைக்கும் பாக்டீரியா அடங்கிவிடும். குடலிலுள்ள நொதிகள் மட்டும் வேலை செய்து, நம் வெப்பத்தில் சில நாட்களிலேயே எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். அந்தக் கூழ் மாதக்கணக்கில் கெடாது. ஃபார்மிக் கிடைக்காத இடத்தில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு சேர்த்து நொதிக்க வைக்கும் முறையும் உண்டு. அது மெதுவானது, கொஞ்சம் கைப்பக்குவமும் வேண்டும்.

என் கணிப்பில் சிறிய கம்பெனிக்கு இதுதான் முதல் முதலீடு. காரணம் விற்பனை விலை அல்ல. சிலேஜ் நேரத்தை நிறுத்திவிடுகிறது. ஓர் அரவை இயந்திரம், சில 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய்கள், காரஅமிலத் தாள், கையுறை, கண்ணாடி இருந்தால் போதும். சரக்கு வந்தால் கலக்கலாம், வராவிட்டால் பீப்பாய் சும்மா இருக்கும். இயந்திரக் கடனுக்கு வட்டி ஓடாது. வாங்குபவர் நாளை வரட்டும், அடுத்த மாதம் வரட்டும், விலை பேச நமக்கு அவகாசம் இருக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் கழிவு சிலேஜிலிருந்து இலைவழி உரமும் தீவனமும் தயாரிக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. ஃபார்மிக் தோலைப் பொத்துப்போக வைக்கும் என்பதை வேலை செய்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. நண்டு ஓட்டைச் சிலேஜில் போடாதீர்கள். ஓட்டிலுள்ள ஒரு கிலோ கால்சியம் கார்பனேட் ஏறத்தாழ 900 கிராம் ஃபார்மிக் அமிலத்தைக் குடித்துவிடும். காய்ந்த நண்டு ஓட்டில் பாதி அந்தச் சுண்ணாம்புதான். பீப்பாய் நுரைத்துப் பொங்கும், அமிலத் தன்மை ஏறாது, நான்காம் நாள் நாறும், "சிலேஜ் நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். குடல், செவுள், மீன் தலை, இறால் தலை ஆகியவை இதற்கு. இறால் தலைக்கு அமிலம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். நண்டு ஓட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கைட்டோசன்

எல்லோரும் கேட்பது இதைத்தான். முறை ரகசியமானதல்ல. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குவது, நீர்த்த காஸ்டிக் சோடாவில் புரதத்தை நீக்குவது, கிடைத்த கைட்டினை 40 விழுக்காட்டுக்கு மேலான காஸ்டிக்கில் சூடாக்கிக் கைட்டோசனாக்குவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு அமிலமும் காரமும் நீங்கி நடுநிலை வரும்வரை கழுவ வேண்டும்.

ஒரு டன் ஈர இறால் கழிவு காய்ந்தால் கால் டன். அதிலிருந்து 50 கிலோவை ஒட்டிக் கைட்டின், அதிலிருந்து 40 கிலோவை ஒட்டிக் கைட்டோசன். மீதி 200 கிலோ திடப்பொருள் எங்கே போனது? அமிலத்தோடும் காஸ்டிக்கோடும் கழிவுநீரில் போனது. குப்பைக் கிடங்குக்குப் போகிற மூட்டையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அதைக் குழாய்க்குள் தள்ளியிருக்கிறோம். அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்தால் வரும் உப்புச் சேறு திரும்பவும் திடக்கழிவுதான். இம்முறை ரசாயனமும் கலந்தது. வயலுக்கும் ஆகாது.

கழுவுவதற்கு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிற மாவட்டம் இது. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை கட்ட வேண்டி வந்த மாவட்டம். இங்கே லாரித் தண்ணீர் வாங்கி ஓடு கழுவுகிற தொழிலை ஒரு சிறிய கம்பெனிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தண்ணீரும் சுத்திகரிப்பு நிலையமும் ஏற்கெனவே உள்ள பெரிய ஆலைகள் அதைச் செய்யட்டும்.

நாம் செய்யக்கூடியது அதற்கு முந்தைய படி: உலர்ந்த ஓட்டை விற்பது. அதற்கு நம்மிடம் உள்ள மூலதனம் வெயில். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களை விட்டால் இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரைமணலில் பரப்பக் கூடாது. மணல் கலந்தால் ஆலைக்காரர் சாம்பல் அளவைக் காட்டி எடையைக் கழிப்பார். நாயும் காக்கையும் தனிக் கணக்கு. சிமெண்ட் களத்திலோ உயரமான வலைத்தட்டிலோ, முடிந்தால் பாலித்தீன் கூடார உலர்த்தியிலோ மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். அன்றைக்கு உரித்த தோல் அன்றைக்கே களத்தில் ஏற வேண்டும். நாலு டன் ஒரு டன்னாகச் சுருங்கினால் லாரி வாடகையும் கால்வாசிதான். இதில் இறால் தோலுக்கே மதிப்பு. நண்டு ஓட்டில் சுண்ணாம்பு கூடுதல், கைட்டின் விகிதம் குறைவு, அமிலச் செலவு அதிகம்; வாங்கும் ஆலைக்காரர் முகம் சுளிப்பது அதனால்தான்.

உரம்

ஆக நண்டு ஓட்டுக்கு மீதமிருப்பது மண். இங்கேதான் ராமநாதபுரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. கடல் கழிவில் நைட்ரஜன் மிகுதி, கரிமம் குறைவு. அப்படியே குவித்தால் அம்மோனியா நாற்றம் ஊரைத் தூக்கும். கரிமம் நிறைந்த ஏதாவது ஒன்றை இரண்டு மூன்று மடங்கு கலந்து, கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை 25க்கும் 30க்கும் இடையே கொண்டுவர வேண்டும். உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு உண்டு, தேங்காய் நார்க்கழிவு கிடைக்கும். சீமைக்கருவேலம் இல்லாத இடம் மாவட்டத்திலேயே கிடையாது. அதன் சிராயும் கரிமூட்டத்தில் மிஞ்சுகிற கரித்தூளும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கரித்தூள் நாற்றத்தையும் அமுக்கும். ஓட்டை நொறுக்கிப் போட்டு, குவியலின் உள்வெப்பம் 55 பாகையைத் தாண்டும்படி வைத்து, வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் கவிச்சி போய்விடும். ஓட்டுத் துண்டு அப்படியே தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், அது மெதுவாகத்தான் மக்கும்.

யாருக்கு விற்பது என்றால் எல்லோரும் உடனே முண்டு மிளகாயைச் சொல்வார்கள். ராமநாதபுரம் முண்டுவுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்த ஆசை கூடியிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. மிளகாய் உப்பைத் தாங்காத செடி. கடல் கழிவு உரத்தில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவ நமக்கு வசதியில்லை. முதுகுளத்தூர், கமுதிக் கரிசல் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, அதில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டி என்ன பயன்? முதல் வாடிக்கையாளர் தென்னைதான். உப்பைத் தாங்கும், மணல்நிலத்தில் நிற்கிறது, அந்த மணலுக்குக் கரிமச்சத்தும் வேண்டும். இரண்டாவதாகத் தங்கச்சிமடம் பக்கத்து மல்லிகை நாற்றுக்காரர்கள். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகினால் வேர்முடிச்சு நூற்புழு குறைகிறது என்பது பல பயிர்களில் பார்த்த சங்கதி. ஆனால் நாற்றுக்குக் கொடுக்கும் முன் உரத்தின் மின்கடத்தும் திறனை, அதாவது உப்பு அளவை, மண் ஆய்வுக்கூடத்தில் அளந்துவிட வேண்டும். கொஞ்சமாகக் கலந்து சில தொட்டிகளில் போட்டுப் பார்த்த பிறகே விற்க வேண்டும். ஒரு நாற்றுப்பண்ணை கருகினால் அந்த ஊரில் மறுபடி மூட்டை இறங்காது.

உரத்தில் பெரிய லாபம் வராது. ஆனால் உரம்தான் கழிவைப் பெருமளவில் விழுங்கும், வரத்து ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். இடம் மட்டும் வேண்டும். கூரையும் சிமெண்ட் தரையும் இல்லாமல் தொடங்காதீர்கள், முதல் மழையிலேயே எல்லாம் கரைந்து மணலுக்குள் போகும். தனியாகச் செய்வதைவிட நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரே களம் வைப்பது நல்லது. யார் புரட்டுவது, யார் நார்க்கழிவுக்குப் பணம் கொடுப்பது என்ற சண்டை வரும்தான்.

சாணஎரிவாயுக் கலனைப் பற்றியும் கேட்பார்கள். மீன் கழிவை மட்டும் போட்டால் அம்மோனியாவும் உப்பும் சேர்ந்து வாயு உண்டாக்கும் கிருமிகளை அடக்கிவிடும். சாணமோ காய்கறிக் கழிவோ பெரும்பங்கு கலந்தால்தான் ஓடும். தடைக்காலத்தில் பட்டினி போட்டுவிட்டு ஜூனில் திடீரென்று கொட்டினால் கலன் புளித்துப்போகும். கருப்புப் படைவீரர் ஈயின் புழு வளர்ப்பு குடலுக்கும் மீன் தலைக்கும் நன்றாக வேலை செய்கிறது, ஓட்டை அது தின்னாது. அதுவும் தினசரி உணவு கேட்கும் உயிர். இரண்டும் சும்மா பார்த்துவிட்டு வர நல்லவை, அவ்வளவுதான்.

பெட்டியும் உறையும்

எடையில் சிறிது, இடத்தில் பெரிது. கிடங்கில் கடைசிவரை மக்காமல் கிடப்பதும் இவைதான். தெர்மகோல் பெட்டிக்குப் பதில் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் காப்புப்பெட்டிக்கு மாறுவது ஒரே தடவைச் செலவு. அட்டைப்பெட்டியை நனையாமல் வைத்தால் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார், நனைந்தால் மாட்டார். கவிச்சி ஒட்டிய பாலித்தீன், கையுறை, தலைவலை ஆகியவற்றுக்கு மறுசுழற்சி நடைமுறையில் இல்லை. விருதுநகர், அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் சூளைகளில் எரிபொருளாகப் போவதுதான் இவற்றுக்கு மிச்சமுள்ள வழி. அதற்கும் தனியாகப் பிரித்து, காய வைத்து, பெரிய அளவில் சேர்த்திருக்க வேண்டும். ஒரு கம்பெனியால் முடியாது, சங்கமாகச் செய்தால் முடியும்.

ஆக, நண்டு கம்பெனி என்றால் குடலும் செவுளும் ஒரு தொட்டி, ஓடு ஒரு தொட்டி என்று மேசையிலேயே பிரிக்க வேண்டும். குடலுக்கும் செவுளுக்கும் சிலேஜ், ஓட்டுக்கு உரக் களம். கைட்டோசனை மறந்துவிடலாம். இறால் கம்பெனி என்றால் தலையையும் தோலையும் பிரியுங்கள். தலை சிலேஜுக்கு, தோல் களத்தில் காய்ந்து கைட்டோசன் ஆலைக்கு. மழை மாதங்களில் காயாத தோலை உரக் களத்துக்குத் திருப்பிவிடலாம். மீன்தூள் வண்டியைக் கைவிட வேண்டாம், பீப்பாய் நிறைந்த நாளுக்கு அது தேவைப்படும். இரண்டு சரக்கையும் கையாளுகிறவர்கள் இரண்டையும் ஒரே கூடையில் போடுகிற பழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. பிரிப்பதற்கு ஆள் கூலி கூடும் என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். மேசைக்கு இரண்டு தொட்டி வைத்தால் தனி ஆள் தேவையில்லை, உரிக்கிற கை எப்படியும் ஏதோ ஒரு பக்கம் வீசத்தான் போகிறது.

தோல் வாங்கும் ஆலையோடு பேசும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரப்பதம் எத்தனை விழுக்காடு வரை முழு விலை, அதற்கு மேல் எவ்வளவு பிடித்தம். மணலுக்கான சோதனையை யார் முன்னிலையில் செய்வது. தடைக்காலத்தில் இரண்டு மாதம் சரக்கு வராவிட்டாலும் ஜூன் நடுவில் அதே விலைக்கு எடுப்பார்களா என்பது. மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராத ஆலையிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.